மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் சிறுதொழில் தொடங்குமுன்: சட்டமும் வரியும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழில் தொடங்க எண்ணுவோர் பலர் முதலில் பெயரைத் தேர்ந்து, பெயர்ப்பலகையும் எழுதக் கொடுத்து, திறப்பு விழாவுக்கு நாளும் பார்த்த பின்னரே பத்திரங்களைத் தேடத் தொடங்குகின்றனர். பெரும்பாலான சிக்கல்கள் இந்த வரிசையிலிருந்தே பிறக்கின்றன. எனவே கீழுள்ள கேள்விகள், எதை முதலில் செய்தால் அடுத்தது எளிதாகும் என்ற ஒழுங்கில் அமைந்துள்ளன.

முதலில் எடுக்க வேண்டியது வியாபாரப் பதிவா, வரி இலக்கமா?

இரண்டுமல்ல. முதலில் உறுதிப்படுத்த வேண்டியது இடம். வியாபாரப் பெயர்ப் பதிவுக்கும், உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதிப்பத்திரத்துக்கும், சுகாதாரப் பரிசோதனைக்கும், வங்கிக் கடனுக்கும் கேட்கப்படும் முதல் விடயம், அந்த இடத்தில் தொழில் செய்ய உங்களுக்குள்ள உரிமை என்ன என்பதுதான். பெயரை ஒரு விண்ணப்பத்தால் மாற்றிவிடலாம். முற்பணம் கொடுத்து, தட்டு அடித்து, நிலத்துக்கு மாபிள் பதித்த கடை அனுமதி பெற முடியாத இடத்தில் இருப்பது தெரியவந்தால் அந்தப் பணம் மீளாது.

வீடும் வளவும் மனைவியின் பெயரில் உள்ளன. அங்கே கணவர் தமது பெயரில் தொழிலைப் பதிவு செய்யலாமா?

செய்யலாம். நம் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாக எழுதப்படுவது தமிழர், முஸ்லிம்கள் இருசாராரிடமும் வழக்கமாகையால், உறுதி மனைவியின் பெயரிலும் தொழில் கணவரின் பெயரிலும் அமைவது மிகச் சாதாரணமானது. உறுதியின் பிரதியுடன், அந்த வளவின் குறித்த பகுதியில் குறித்த தொழிலை நடத்தத் தமக்கு ஆட்சேபணை இல்லை என மனைவி எழுதிக் கையொப்பமிட்ட சம்மதக் கடிதம் பெரும்பாலும் போதுமானது. உறுதி இன்னும் மாமியாரின் பெயரில் இருந்தால் கடிதம் தரவேண்டியவர் அவரே. அவர் காலமாகி, சொத்து பிள்ளைகளுக்கிடையே பிரிபடாமல் இருந்தால், பங்குடைய அனைவரின் சம்மதத்தையும் இப்போதே எழுத்தில் பெறுவது நல்லது. உறவு நன்றாக இருக்கும் காலத்தில் ஒரு நாளில் கிடைக்கும் கையொப்பம், கடை நன்றாக ஓடத் தொடங்கிய பின் கிடைக்காமற் போவதுண்டு.

தொழிலே மனைவியினுடையதாயின், கணவரின் பெயரில் பதிவு செய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மாவு இடிப்பவரும் தயிர் உறைய வைப்பவரும் மனைவியாக இருக்க, பதிவும் வங்கிக் கணக்கும் கணவரின் பெயரில் இருக்குமானால், பின்னாளில் கடனோ மானியமோ கேட்கும்போது மனைவியிடம் காட்டுவதற்கு எதுவும் இராது.

எங்கள் காணிக்கு உறுதி இல்லை. அரசாங்க உத்தரவுப்பத்திரமே உள்ளது. அங்கே கடை கட்டலாமா?

அம்பாறைக் குடியேற்றத் திட்டங்களிலும் படுவான்கரையிலும் இது பலரின் நிலை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட உத்தரவுப்பத்திரத்தில், அந்தக் காணி குடியிருப்புக்கா பயிர்ச்செய்கைக்கா என்பதும் ஏனைய நிபந்தனைகளும் எழுதப்பட்டிருக்கும். வேறு பயன்பாட்டுக்கும், பிறருக்குக் குத்தகைக்குக் கொடுப்பதற்கும் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். ஆகவே கட்டடம் எழுப்புமுன் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் பத்திரத்தைக் காட்டிக் கேளுங்கள். இன்னொருவரின் உத்தரவுப்பத்திரக் காணியில் கடையை வாடகைக்கு எடுப்பவர் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும்: கொடுப்பவருக்கே கொடுக்கும் உரிமை இல்லாதபோது, பெறுபவரின் ஒப்பந்தம் தாங்காது.

கடையை இரண்டு வருடக் குத்தகைக்கு எடுக்கிறேன். சமாதான நீதவான் முன் கையொப்பமிட்ட ஒப்பந்தம் போதுமா?

போதாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட அசையாச் சொத்துக் குத்தகை, நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில் இரு சாட்சிகளோடு நிறைவேற்றப்பட்டாலன்றிச் செல்லுபடியாகாது. முத்திரை ஒட்டிய தாளும் சமாதான நீதவானின் இறப்பர் முத்திரையும் அந்தக் குறையை நிரப்ப மாட்டா. நொத்தாரிசுக் கட்டணத்தை மிச்சப்படுத்துவதற்காக இலட்சக்கணக்கான முற்பணத்தைத் துண்டுக் கடதாசியில் கொடுப்பதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

குத்தகை எழுதும்போது, முற்பணம் எவ்வளவு, அது மாத வாடகையில் கழியுமா அல்லது முடிவில் திரும்புமா, கடைக்குள் நீங்கள் செய்யும் வேலைப்பாடுகள் யாருக்கு உரியவை, சோலைவரியைக் கட்டுபவர் யார், காலத்துக்கு முன் விலக வேண்டியேற்பட்டால் எத்தனை மாத முன்னறிவித்தல் என்பவற்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். உள்ளூராட்சி மன்ற அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு உரிமையாளர் சம்மதிக்கிறார் என்ற ஒரு வரியும் இருந்தால், பிறகு அவரைத் தேடிக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ தொலைபேசி எடுக்க வேண்டியிராது.

கடற்கரையிலோ வாவிக்கரையிலோ பிரதான வீதியோரத்திலோ தொடங்குவதானால்?

பாசிக்குடா, கல்லடி, அறுகம்பே போன்ற இடங்களில் சிறு உணவகம் அல்லது விருந்தினர் இல்லம் அமைப்போர், 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தைக் கருத்திற் கொள்ள வேண்டும். சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். கடலோடு நிரந்தரமாகவோ இடைக்கிடையோ தொடுக்கும் வாவிகளிலும் ஆறுகளிலும், முகத்துவாரத்திலிருந்து உள்நோக்கி 2 கிலோமீற்றர் வரை அந்த எல்லை நீள்வதால், கடல் கண்ணுக்கே தெரியாத வாவிக்கரைக் காணியும் அதற்குள் அடங்கக்கூடும். அவ்வலயத்தில் அபிவிருத்தி வேலை செய்யக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி தேவை. தகரமும் கிடுகும் கொண்ட தற்காலிகக் கொட்டில்தானே என்ற வாதம் அங்கே எடுபடுவதில்லை. சுற்றுலாப் பயணிகளைத் தங்க வைப்போர், 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின்கீழ் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிலும் பதிவு செய்ய வேண்டும்.

பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்புக்கு வரும் ஏ-4 வீதியோரத்தில் கடை போடுவோர், வீதி ஒதுக்கு எல்லையை உள்ளூராட்சி மன்றத்திலும் வீதி அபிவிருத்தி அதிகார சபையிலும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். முன்பக்கம் இழுத்துக் கட்டிய கூரையே முதலில் அகற்றப்படும்.

எங்கே போவது: பிரதேச செயலகத்துக்கா, பிரதேச சபைக்கா?

இரண்டுக்கும் போக வேண்டும். ஆனால் வெவ்வேறு காரியங்களுக்காக. பிரதேச செயலகத்தில் நடப்பது வியாபாரப் பெயர்ப் பதிவு, பலரும் பி.ஆர். என்று சுருக்கிச் சொல்வது இதையே. மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகியவற்றில் நடப்பது தொழில் நடத்துவதற்கான வருடாந்த அனுமதி. முதலாவது, இந்தப் பெயரின் பின்னால் இருப்பவர் இன்னார் என்று ஊருக்கு அறிவிக்கும் பதிவு மட்டுமே. அது எதையும் செய்ய உங்களுக்கு அனுமதி அளிப்பதில்லை. பதிவுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு பேக்கரியைத் திறந்துவிட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்கும்போது அதை நீட்டுவதில் பயனில்லை.

பெயர்ப் பதிவுக்குப் பொதுவாக விண்ணப்பப் படிவம், தேசிய அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் அறிக்கை, இடத்துக்கான உறுதி அல்லது குத்தகைப் பத்திரம் ஆகியவை கேட்கப்படும். தொழிலின் தன்மையைப் பொறுத்துச் சுகாதாரப் பிரிவின் சிபாரிசும் கேட்கப்படலாம். கடை அமைந்துள்ள பிரதேச செயலகப் பிரிவிலேயே விண்ணப்பிக்க வேண்டும்; ஆரையம்பதியில் வசித்து மட்டக்களப்பு நகரில் கடை நடத்துபவர் மண்முனை வடக்குக்கே செல்ல வேண்டும். தம் சொந்த முழுப்பெயரில், எந்தச் சேர்க்கையும் இன்றித் தொழில் நடத்துபவருக்குச் சட்டப்படி இந்தப் பதிவு கட்டாயமன்று. இருப்பினும் வங்கிகளும் மொத்த வியாபாரிகளும் இதைக் கேட்பதால், எடுத்து வைத்திருப்பதே வசதி.

விண்ணப்பத்தில் “தொழிலின் தன்மை” என்ற இடத்தைச் சிந்தித்து நிரப்புங்கள். “பலசரக்கு” என்று மட்டும் எழுதிவிட்டு, ஆறு மாதத்தில் தொலைபேசி மீள்நிரப்பலும் போட்டோப் பிரதியும் சேர்த்தால், பதிவில் மாற்றம் செய்ய வேண்டும்.

தனியாளாகத் தொடங்குவதா, கம்பனியாகவா? கம்பனி என்றால் மதிப்பு அதிகம் என்கிறார்களே.

மதிப்புக்கு விலை உண்டு. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி, ஒரே பங்குதாரரும் ஒரே பணிப்பாளருமாக இருந்துகூடத் தனியார் கம்பனி ஒன்றை அமைக்கலாம். கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணைய வழியில், வாழைச்சேனையிலிருந்தோ திருக்கோவிலிலிருந்தோ கொழும்புக்குப் போகாமலே விண்ணப்பிக்கலாம். அமைப்பது எளிது, வைத்திருப்பதுதான் செலவு. கம்பனிச் செயலாளர் ஒருவர் வேண்டும், ஆண்டறிக்கை சமர்ப்பிக்க வேண்டும், கணக்கறிக்கைகளைச் சட்டம் கேட்கும் வடிவில் ஒவ்வோர் ஆண்டும் தயாரிக்க வேண்டும். தொழில் ஓடாத வருடத்திலும் இவை ஓயா.

வரியில் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். செலவெல்லாம் போக ஆண்டு இலாபம் 24 இலட்சம் ரூபா என்று கொள்வோம். தனியாள் ஒருவருக்கு, 2025/2026 மதிப்பீட்டு ஆண்டு முதல் 18 இலட்சம் ரூபா தனியாள் நிவாரணம் உண்டு. மீதி 6 இலட்சத்துக்கு 6 சதவீதப்படி 36,000 ரூபா வரி. அதே இலாபம் கம்பனியுடையதாயின் நிவாரணம் இல்லை. 30 சதவீதப்படி 720,000 ரூபா. கம்பனி தரப்பில் நேர்மையாகச் சொல்ல வேண்டியது, பணிப்பாளராகிய நீங்கள் மாதம் 150,000 ரூபா சம்பளம் பெற்றால் அது கம்பனியின் செலவாகக் கழியும் என்பதே. சேமலாப நிதிக் கொடுப்பனவுகளை ஒதுக்கிவைத்துப் பார்த்தால் எஞ்சும் 6 இலட்சத்துக்கு 180,000 ரூபா வரி வரும். அதற்குப் பின் மீதியைப் பங்கிலாபமாக எடுத்தால் அதிலும் 15 சதவீதம் பிடிக்கப்படும். எப்படிப் பார்த்தாலும் சிறு இலாபத்துக்குத் தனியுரிமையே, அதாவது தனியாளாக நடத்துவதே, இலகுவானது.

கம்பனியின் உண்மையான பயன் வேறு: கடன் கம்பனியைச் சாரும், உங்கள் வீட்டை நேரடியாகத் தொடாது. பெரிய ஒப்பந்த வேலை, இறக்குமதி, வெளியார் முதலீடு ஆகியவை இருந்தால் அது பெறுமதியான பாதுகாப்பு. ஆனால் சிறிய கம்பனிக்குக் கடன் கொடுக்கும் வங்கி, பணிப்பாளரின் தனிப்பட்ட பிணையையும் கேட்கும் என்பதால், அந்தப் பாதுகாப்பும் வங்கிக் கடன் அளவில் மெலிந்துவிடுகிறது. ஆகவே சில்லறைக் கடை, தையல், உணவு, திருத்தகம் போன்றவற்றைத் தனியுரிமையில் தொடங்கி, தேவை வந்தபின் கம்பனியாக மாற்றுவதே என் பரிந்துரை.

மச்சானும் நானும் சேர்ந்து தொடங்குகிறோம். எங்களுக்குள் எழுத்து வேண்டுமா?

வேண்டும். மூலதனம் 1,000 ரூபாவுக்கு மேற்பட்ட பங்குடைமை எழுத்தில் கையொப்பத்தோடு இருந்தாலே வழக்கில் நிலைநாட்ட முடியும் என்பதும் மேற்சொன்ன 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிதான். இன்று 1,000 ரூபாவுக்குள் எந்தத் தொழிலும் தொடங்காது என்பதால், எல்லாப் பங்குடைமைக்கும் எழுத்து வேண்டும் என்றே கொள்ளலாம். யார் எவ்வளவு இட்டார், இலாபமும் நட்டமும் எப்படிப் பிரியும், காசோலையில் யார் கையொப்பமிடுவார், ஒருவர் வெளிநாடு போனாலோ இறந்தாலோ அவர் பங்கு என்னவாகும் என்பவை அதில் இருக்க வேண்டும். பங்குடைமைக் கடனுக்கு ஒவ்வொரு பங்காளரும் தம் சொந்தச் சொத்தாலும் பொறுப்பு என்பதை இருவரும் அறிந்து கையொப்பமிடுங்கள். பங்குடைமை தன் பெயரில் வரி அறிக்கை சமர்ப்பிக்கும். இலாபப் பங்கு ஒவ்வொருவரின் வருமானத்திலும் சேரும்.

உள்ளூராட்சி மன்ற அனுமதிப்பத்திரம் பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும்?

அது டிசம்பர் 31ஆந் திகதி முடிவடையும். நவம்பரில் எடுத்தவரும் ஜனவரியில் புதுப்பிக்க வேண்டும்; ஆண்டு இறுதியில் திறக்க எண்ணுவோர் இதைக் கணக்கில் எடுத்து நாளைத் தீர்மானிக்கலாம். சத்தம், புகை, நாற்றம், கழிவுநீர் தரும் தொழிலாயின் அயலவரின் ஆட்சேபணையும் பார்க்கப்படும். புதிய கட்டடமாயின் வரைபட அனுமதியும், கட்டி முடித்தபின் இணக்கச் சான்றிதழும் தேவை. வீட்டின் முன்னறையைக் கடையாக மாற்றுவோர் பயன்பாட்டு மாற்றத்தைச் சொல்லாமல் விடுவதால், புதுப்பிக்கும் வேளையில் தடுமாறுகின்றனர்.

அரிசி ஆலை, மர ஆலை, வாகனத் திருத்தகம், மிளகாய் அரைக்கும் ஆலை போன்றவற்றுக்கு இதற்கு மேலாக 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டியிருக்கும். மாசு குறைந்த சிறு தொழில்களுக்கு அதை உள்ளூராட்சி மன்றமும், ஏனையவற்றுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையும் வழங்குகின்றன. இயந்திரத்தின் கொள்ளளவும் ஆட்தொகையும் எந்த வகுப்பு என்பதைத் தீர்மானிப்பதால், இயந்திரத்துக்கு முற்பணம் கட்டுமுன் விசாரியுங்கள்.

வீட்டில் கேக், தொதல், மிக்சர் செய்து முகநூல் வழியாக விற்கிறேன். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், உணவு விற்பனைக்காகத் தயாராகும் இடத்தைப் பார்க்கிறதேயன்றி, அங்கே பலகை தொங்குகிறதா என்று பார்ப்பதில்லை. உங்கள் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நீங்களே அழைத்துச் சமையலறையைக் காட்டுவது நல்லது. கிணற்று நீரின் தரம், ஈயும் எலியும் புகாத களஞ்சியம், கழிவுநீர் போகும் வழி, சமைப்பவரின் மருத்துவச் சான்றிதழ் ஆகியவற்றையே அவர் முதலில் கவனிப்பார். அவரிடம் அஞ்சி ஒளிவதால் கிடைப்பது எதுவுமில்லை. கல்முனையிலோ செங்கலடியிலோ உள்ள கடைகளுக்குப் பொதியிட்டுக் கொடுக்கத் தொடங்கிய நாளில், அந்தக் கடைக்காரரே உங்களிடம் சான்றிதழ் கேட்பார்.

பொதியிட்ட உணவின் சிட்டையில் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, உச்ச சில்லறை விலை, தயாரித்த திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், தயாரிப்பாளரின் பெயர், முகவரி ஆகியவை இருக்க வேண்டும். சிட்டையை ஆயிரக்கணக்கில் அச்சிடுமுன் மாதிரி ஒன்றைப் பரிசோதகரிடம் காட்டிவிடுங்கள். போத்தல் குடிநீர்த் தொழிலுக்குச் சுகாதார அமைச்சின் தனிப்பதிவு தேவை என்பதால், அதை வீட்டுக் கைத்தொழிலாக எண்ணித் தொடங்க வேண்டாம்.

வேறு எந்தத் தொழில்களுக்குத் தனியான உரிமம் வேண்டும்?

மணல், கல், களிமண் அகழ்வதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம். மரக்காலைக்கு வனப் பாதுகாப்புத் திணைக்களம். மருந்தகத்துக்குத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபை. நிறுத்து விற்பவர் எவராயினும், மீன்கடை முதல் நகைக்கடை வரை, தராசையும் படிகளையும் ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரையிடுவித்திருக்க வேண்டும்.

வரி இலக்கம் எப்போது எடுக்க வேண்டும்? வருமானமே இன்னும் இல்லையே.

வரி செலுத்துநர் அடையாள இலக்கம் பெறுவதும் வரி கட்டுவதும் வேறு வேறு. தொழில் தொடங்கும்போதே இலக்கத்தைப் பெற்றுவிடுங்கள். நடைமுறைக் கணக்கு திறக்க வங்கி அதைக் கேட்கும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் விண்ணப்பிக்கலாம். மட்டக்களப்பிலுள்ள பிராந்திய அலுவலகத்திலும் கேட்கலாம். இலக்கம் எடுத்தால் அடுத்த மாதமே வரிக்காரர் வந்துவிடுவார் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை.

வரி வருவது இலாபத்துக்கு. ஏப்ரல் 1 முதல் அடுத்த மார்ச் 31 வரையான ஆண்டில், தொழில் இலாபமும் வாடகை, வட்டி போன்ற பிற வருமானங்களும் சேர்ந்து 18 இலட்சத்துக்கு மேற்பட்டால், மேலதிகத்தில் முதல் 10 இலட்சத்துக்கு 6, அடுத்தடுத்த மூன்று 5 இலட்சங்களுக்கு முறையே 18, 24, 30, அதற்கு மேல் 36 சதவீதம். 6இலிருந்து 18க்குத் தாவும் அந்த இடம் செங்குத்தானது. நன்றாக ஓடும் கடைகள் அங்கேதான் முதன்முறையாகத் திகைக்கின்றன. வரியை ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 ஆகிய திகதிகளில் தவணையாகவும், மீதியை செப்டெம்பர் 30இற்கு முன்னும் கட்டி, நவம்பர் 30இற்குள் அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும். வரி எதுவும் வராவிட்டாலும், அறிக்கை தருமாறு திணைக்களம் அறிவித்திருந்தால் பூச்சியம் என்றாவது சமர்ப்பியுங்கள்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது: ஆண்டின் நடுவில் அரச உத்தியோகத்தை விடாமல் பகுதிநேரத் தொழில் தொடங்கும் ஆசிரியருக்கோ எழுதுவினைஞருக்கோ, சம்பளமும் இலாபமும் ஒன்றாகக் கூட்டப்பட்டே 18 இலட்சம் பார்க்கப்படும், நிவாரணம் இருமுறை கிடையாது. அரச உத்தியோகத்தர் வெளித்தொழில் செய்வதற்குத் தாபன விதிகள் விதிக்கும் கட்டுப்பாடு வேறாக உள்ளது.

என் கடையின் விற்பனை மாதம் 20 இலட்சம். வற் வரியில் பதிய வேண்டுமா?

பெறுமதி சேர் வரி (வற்) இலாபத்தைப் பார்ப்பதில்லை; புரள்வை, அதாவது மொத்த விற்பனையைப் பார்க்கிறது. 2024 ஜனவரி முதல் வீதம் 18 சதவீதம். அப்போது வகுக்கப்பட்ட பதிவெல்லை 12 மாதங்களில் 6 கோடி ரூபா அல்லது காலாண்டில் 1 கோடியே 50 இலட்சம். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம், 2026 ஏப்ரல் முதல் அந்த ஆண்டெல்லையை 3 கோடியே 60 இலட்சமாகக் குறைக்க முன்மொழிந்தது. மாதம் 20 இலட்சம் என்பது ஆண்டுக்கு 2 கோடியே 40 இலட்சம். இரண்டு எல்லைக்கும் கீழே. ஆனால் மாதம் 30 இலட்சத்தை நெருங்கும் மொத்தக் கடைகள் காலாண்டுதோறும் கூட்டிப் பார்க்க வேண்டும். 2.5 சதவீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரிக்கும் புரள்வே அளவுகோல்.

பதிவு செய்யாதவர் பற்றுச்சீட்டில் வற் என்று எழுதி அறவிடுவது குற்றம். அதேவேளை, அவர் மொத்த வியாபாரியிடம் வாங்கும்போது கொடுக்கும் வற் அவருக்குத் திரும்பாது. அது கொள்விலையின் ஒரு பகுதி என்று கொண்டே விற்பனை விலையைக் கணிக்க வேண்டும்.

கணக்கு எழுதத் தெரியாது. எவ்வளவு எழுதினால் போதும்?

ஒவ்வொரு நாளின் மொத்த விற்பனை, காசாகவும் கடனாகவும் வாங்கிய சரக்கு, செலவு, வங்கியில் இட்டது, வீட்டுக்கு எடுத்தது என ஐந்து நிரலுள்ள ஒரு கொப்பியும், பற்றுச்சீட்டுகளைத் திகதி வரிசையில் வைத்த கோப்பும் சிறு கடைக்குப் போதும். அவற்றை 5 ஆண்டுகள் பேண வேண்டும். ஐந்தாவது நிரலை யாரும் எழுத விரும்புவதில்லை. கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் அரிசியும் பால்மாவும் செலவல்ல, அவை உங்கள் எடுப்பனவு. பிள்ளையின் ரியூசன் காசையும் கோயில் திருவிழாச் செலவையும் கடைச் செலவில் சேர்த்துவிட்டு, இலாபம் இல்லை என்று காட்டினால் வரி குறையலாம். வங்கி அதே கணக்கைப் பார்த்துக் கடனை மறுக்கும்போது வேறு கணக்குக் காட்ட முடியாது.

இயந்திரம் வாங்கிய பணம் முழுவதையும் அந்த ஆண்டின் செலவாகக் கழிக்க முடியாது. 5 இலட்சம் ரூபாவுக்கு வாங்கிய அரைக்கும் இயந்திரத்துக்கு ஆண்டுக்கு 1 இலட்சமாக 5 ஆண்டுகளும், கட்டடத்துக்கு 20 ஆண்டுகளும் பிரித்துக் கழிக்க வேண்டும். ஆகவே வாங்கிய பற்றுச்சீட்டை இயந்திரம் இருக்கும்வரை வைத்திருங்கள்.

இரண்டே பேரைத்தான் வேலைக்கு வைக்கிறேன். சேமலாப நிதி கட்டாயமா?

ஒருவர் இருந்தாலும் கட்டாயம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் ஊழியர் சேமலாப நிதியத்துக்கு ஊழியரின் 8 சதவீதமும் தொழில் கொள்வோரின் 12 சதவீதமும், 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குத் தொழில் கொள்வோரின் 3 சதவீதமும் அடுத்த மாத முடிவுக்குள் செலுத்தப்பட வேண்டும். நிரந்தரம், தற்காலிகம், நாட்கூலி, துண்டுக் கணக்கு என்ற பேதம் இல்லை. மருதமுனையில் நெய்த சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் கைத்தறி ஊழியரும் அடங்குவார். குடும்பத்தவர் மட்டுமே வேலை செய்யும் தொழிலுக்கு இதில் விலக்கு உண்டு. அயல் வீட்டுப் பையன் ஒருவன் சேர்ந்த நாளோடு அது போய்விடும்.

தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரி 1 முதல் 30,000 ரூபா, நாட்சம்பளம் 1,200 ரூபா. 30,000 ரூபாவில் ஊழியரிடம் 2,400 ரூபா கழிப்பீர்கள். உங்கள் பங்கு 3,600, நம்பிக்கைப் பொறுப்பு நிதி 900. ஆக ஓர் ஊழியருக்கான உங்கள் மாதச் செலவு 34,500 ரூபா. மூன்று நேரச் சாப்பாடு கொடுக்கிறோமே என்பது சம்பளத்தைக் குறைக்கக் காரணமாகாது. மாறாக, கொடுக்கும் உணவின் பெறுமதியும் சேமலாப நிதி கணிக்கும் சம்பாத்தியத்தில் சேரும் என்பதே சட்டம். இதைக் கேட்டுச் சாப்பாட்டுக்கடை முதலாளிகள் முகம் சுளிப்பது வழமை.

தாமதித்தால் 5 முதல் 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் ஏறும். மூன்று, நான்கு வருடம் கட்டாமல் விட்டு, வேலையை விட்டுப்போனவர் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்தபின் மொத்தமாகக் கட்டும் தொகை, சிறு கடையின் முதலையே சாப்பிட்டுவிடும். முதல் மாதத்திலேயே பதியுங்கள். நியமனக் கடிதமும் கொடுங்கள். கடை, அலுவலக ஊழியருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணித்தியாலமே சாதாரண வேலை நேரம். 16 வயதுக்குட்பட்டவரை, உறவினர் பிள்ளையாயினும், வேலைக்கு வைக்க வேண்டாம்.

பெயரைப் பதிந்துவிட்டேன். வேறொருவர் அதே பெயரைப் பயன்படுத்தாமல் தடுக்கலாமா?

வியாபாரப் பெயர்ப் பதிவால் மட்டும் தடுப்பது கடினம். பொதியிட்டு வெளியூர்களுக்கு அனுப்பும் பொருளாயின், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாகப் பதியுங்கள். அது 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின் புதுப்பிக்கலாம். ஊருக்குள் மட்டும் விற்கும் கடைக்கு இந்தச் செலவு தேவையில்லை.

திறக்கும் நாளில் கடைக்குள் என்னென்ன இருக்க வேண்டும்?

வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழும் அவ்வாண்டுக்கான அனுமதிப்பத்திரமும் வருவோர் கண்ணில் படும்படி மாட்டப்பட்டிருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி விலைப்பட்டியல் காட்சிப்படுத்தப்பட வேண்டும். வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும். பொதியில் அச்சிட்ட விலைக்கு மேல் குளிரூட்டிய செலவு என்று 10 ரூபா கூட்டி விற்பதை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது எளிதாகப் பிடிக்கின்றனர். வீட்டு மின்மானியிலிருந்து கடைக்கு இணைப்பு இழுத்திருந்தால், பொதுத்தேவைக் கட்டண வகைக்கு மாற்றுமாறு மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு விண்ணப்பித்த கடிதத்தின் பிரதியையும் அதே கோப்பில் வையுங்கள். மூலப் பத்திரங்களை வீட்டில் பூட்டி வைத்து, உறுதியினதும் குத்தகையினதும் பிரதிகளை மட்டும் கடையில் வைத்தால் போதும்.